ஐந்து பேஸ் கிட்டார்... ஒரு லைன்மேன்! கீழ்பென்னாத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"நீ போட்டோல்லாம் நல்லா எடுப்பியாமே கண்ணு? ஞாயித்துக்கெழம ஒரு நடை வந்துட்டுப் போ. கிட்டாருங்கள படம் எடுத்து போன்ல போடணும். விக்கணும்."

போனில் மாமா இதைச் சொன்ன குரல், பழைய பீரோவை விற்கிற குரலாகத்தான் இருந்தது. எனக்குத்தான் திக்கென்றது. அம்மாவின் அண்ணன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வயது 62. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர், 'கிட்டாரு மாமா'. சரியாகச் சொன்னால் பேஸ் கிட்டாரு மாமா. அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது.

மகன் சென்னையில் இருக்கிறான். அத்தைக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் இருவரும் மகனோடு போய்விடுவதாக முடிவு. லிஃப்ட் உள்ள அடுக்குமாடி, இரண்டு படுக்கையறை. "அப்பா, ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க. அதுக்குத்தான் இடம்" என்று மகன் சொல்லிவிட்டான். மாமாவிடம் இருந்தது ஐந்து.

ஐந்தில் எது அந்த ஒன்று? அதைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறினேன்.

பாறை மலைகளைத் தாண்டி...

கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை பஸ். திண்டிவனம் வரை அகலமான சாலை, தூக்கம் வரும். திண்டிவனத்தில் வலது பக்கம் திரும்பியதும் தூங்காதீர்கள். செஞ்சி நெருங்க நெருங்க, யாரோ லாரி லாரியாகக் கொட்டி அடுக்கியதுபோல உருண்டைப் பாறைகளாலான குன்றுகள் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையின் மதில் பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும். 2025 ஜூலையில் மராட்டியர்களின் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி மட்டும்தான்.

செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றுலாப் பயணிகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்து போகிற ஊர். பேரூராட்சி, தாலுகா தலைநகர், 2011-லிருந்து சட்டமன்றத் தொகுதியும்கூட. ஆனால் இறங்கி நின்றால் கண்ணில் படுவது ஒரு கடைத்தெரு, டீக்கடை பெஞ்ச், உரக்கடை, நகை அடகுக் கடை, அப்புறம் நெல்லும் மல்லாட்டையும். வேர்க்கடலையை இந்தப் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். கடையில் போய் 'வேர்க்கடலை' என்று கேட்டால், "மெட்ராஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள்.

முதல் நாள் ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. மேற்கே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்ததால் அண்ணாமலையார் மலை தெளிவாகத் தெரிந்தது. கார்த்திகை தீபத்தன்று மாமா வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் போதும். 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றுகிற தீபம் ஒரு சின்னப் புள்ளியாக மினுங்கும். சின்ன வயதில் அந்த மாடியில் நின்று கும்பிட்டிருக்கிறேன். இந்த வருடம்தான் அங்கிருந்து கடைசி தீபம் என்று அத்தை சொன்னார்.

பக்கத்து வீட்டு மோட்டார்

ஹாலில் பாய் விரித்து ஐந்தையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் மாமா. துடைத்துப் பளபளவென்று இருந்தன.

பேஸ் கிட்டார் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிட்டாருக்குப் பெரும்பாலும் நான்குதான். ஈ, ஏ, டி, ஜி. கிட்டாரின் தடித்த நான்கு தந்திகள் எந்த சுரத்தில் நிற்குமோ, அதைவிட ஒரு ஸ்தாயி கீழே இவை நிற்கும். கழுத்து நீளம். தந்திகள் சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி தடிமன். எல்லாவற்றிலும் கீழான ஈ தந்தி விநாடிக்கு 41 தடவை அதிரும். அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல்.

"இந்த ஹாலே அவ்ளோ நீளம் இல்ல. அதான் செவுத்தத் தாண்டிப் போயிடுது" என்றார் மாமா. குறைந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளைச் சுவர்கள் எளிதில் தடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா புதிதாகக் குடிவந்த மாதத்தில் மூன்று தடவை எட்டிப் பார்த்து, "மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, தொட்டி ரொம்பிடுச்சான்னு பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். நான்காவது தடவை மாமா அவரை உள்ளே கூப்பிட்டு 'மோட்டாரை'க் காட்டினாராம்.

ஐந்தின் கதை

முதலாவது, கொல்கத்தாவில் செய்தது. கிவ்சன், ஹாப்னர் என்று கொல்கத்தா கிட்டார்கள் ஊரெல்லாம் புழங்கிய காலம் அது. இதில் பெயர் அழிந்துபோயிருக்கிறது. 1986-ல் மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் ஒட்டிக்கொண்டு திரிந்தபோது, குழுவின் உரிமையாளர் இதைக் கையில் கொடுத்து, "900 ரூபா. பேட்டாவுல கழிச்சுக்கறேன்" என்றாராம். ஒரு கச்சேரிக்கு 30 ரூபாய் பேட்டா. முப்பது கச்சேரி சும்மா வாசித்த பிறகுதான் கிட்டார் சொந்தமானது. தந்திகள் கழுத்திலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்கும். அழுத்தி அழுத்தியே மாமாவின் இடது கை மோதிர விரல் இன்று சரியாக மடங்குவதில்லை.

இரண்டாவது யமஹா. துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் 2003-ல் வாங்கியது. "யமஹான்னா பைக்தானே மாமா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்த பைக் டேங்கில் இருக்கிற சின்னத்தை உற்றுப் பாருங்கள். குறுக்கே வைத்த மூன்று சுருதிக் கவைகள்! 1887-ல் ஒரு ஆர்மோனிய வகை வாத்தியத்தைப் பழுது பார்ப்பதில் ஆரம்பித்த கம்பெனி அது. பைக் ரொம்பப் பிறகு வந்தது.

மூன்றாவது, மாமாவே கெடுத்தது. அவர் சொன்ன வார்த்தை அது. கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள். அவற்றைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கி, பள்ளத்தை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டார். ஃப்ரெட் இல்லாவிட்டால் விரல் வழுக்கிக்கொண்டே போகலாம், வீணையைவிடச் சுலபமாகக் கமகம் வரும். கொஞ்சம் தப்பினால் அபசுரமும் வரும்.

நான்காவது, வயலின் வடிவத்தில் சின்னதாக ஒன்று. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வைத்திருந்த ஹாப்ஃனர் மாடலின் நகல். மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கிய அசல் கிட்டார் 1972-ல் திருடுபோய், ஐம்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்து, அந்தச் செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அதை நான்தான் எங்கள் டெஸ்க்கில் எழுதினேன். மாமா அதைப் படித்துவிட்டு போன் பண்ணி, "பாத்தியா, நம்ம பொம்மையோட அண்ணன் கெடச்சிட்டான்" என்றார். இந்த நகலுக்கு அவர் வைத்த பெயர் 'பொம்மை'.

ஐந்தாவது, ஓய்வு பெற்ற பணத்தில் ஆன்லைனில் வாங்கிய ஐந்து தந்தி பேஸ். அத்தை இதை மட்டும் பெயர் சொல்லமாட்டார். 'அந்தக் கருப்பு' என்பார்.

டிரான்ஸ்பார்மர் சுருதி

லைன்மேனுக்கும் பேஸ் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம்? நான் விளையாட்டாகக் கேட்டேன். மாமா என்னைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நிறுத்தினார்.

"கேளு."

ம்ம்ம்ம்ம் என்று ஒரு முனகல். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம். ஆனால் அன்றுதான் கேட்டேன்.

நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. டிரான்ஸ்பார்மரின் இரும்பு உட்கரு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை நெளிந்து நிமிர்வதால், வெளியே வரும் முனகல் 100. பேஸ் கிட்டாரின் நான்காவது தந்தியான ஜி நிற்கவேண்டிய இடம் 98!

வாலிப வயதில் மாமாவிடம் சுருதிப்பெட்டியும் இல்லை, டியூனரும் இல்லை. டிரான்ஸ்பார்மர் மட்டும் இருந்தது. அதற்கு ஜி தந்தியைச் சேர்த்து, அதிலிருந்து மற்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டு கச்சேரிக்குப் போவார். போன இடத்தில் கீபோர்டுகாரர் திட்டுவார். "உன் கிட்டாரு மட்டும் ஏன்யா ஒரு இம்மி மேல நிக்குது?" 98-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இம்மி.

"ஆனா சில நாளு கரெக்டா நிக்கும். ஏன்னு ரொம்ப வருசம் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது" என்று சிரித்தார். மின்சாரத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. தேவை ஏறி உற்பத்தி பத்தாமல் போனால் மின்தொடரின் 50 சுற்று குறையும். 49-க்கு இறங்கினால்? முனகல் 98. கச்சிதமான ஜி!

"ஊருக்கே கரன்ட் பத்தாத ராத்திரியிலதான் என் சுருதி சேரும் கண்ணு."

இப்போது மின்தொடரை 50-ஐ ஒட்டியே நிறுத்தி வைக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் எப்போதும் ஒரு இம்மி மேலேயே பாடுகிறது. மாமா போனில் டியூனர் வைத்திருக்கிறார்.

முதல் மின்சார பேஸ் கிட்டாரை 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் செய்தார். அதை உலகமெல்லாம் கொண்டுபோனது 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அதுவரை ஆள் உயர டபுள் பேஸைத்தான் முதுகில் சுமந்தார்கள். லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாது. மாமாவுக்கு இந்தத் தகவல் ரொம்பப் பிடிக்கும். "நம்ம டிபார்ட்மென்ட் ஆளு" என்பார்.

ஒத்து ஊதுகிறவர்

ஆடி மாதம் வந்தால் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். ராத்திரி பாட்டுக் கச்சேரி அல்லது தெருக்கூத்து. ஆடியில் மட்டும் மாமா பத்துப் பன்னிரண்டு கச்சேரி வாசித்திருக்கிறார். பகலில் கம்பம், ராத்திரியில் மேடை. மேடையில் அவர் இடம், டிரம்ஸுக்குப் பக்கத்தில், விளக்கு படாத மூலை. ரசிகர்கள் பாடகரைப் பார்ப்பார்கள், கீபோர்டைப் பார்ப்பார்கள். பேஸ்காரரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

"நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல ஒத்து ஊதுறவர் இருப்பாரே, அவரு மாதிரி" என்றார். 'ஒத்து ஊதுறான்' என்று ஒருவரைக் கேலி செய்ய நாம் பயன்படுத்துகிற சொல், ஒரு வாத்தியத்தின் பெயர். மூச்சு விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இருக்கிறது. பேஸுக்கும் அதுதான் நடந்தது. முதலில் கீபோர்டுகாரரின் இடது கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பிறகு பாட்டில்லாத டிராக்கை ஓடவிட்டு, மேலே பாடகர் மட்டும் பாடத் தொடங்கினார். 2009-க்குப் பிறகு மாமாவை யாரும் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை.

ஆனால் ஒத்துக்கும் பேஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பேஸ் நகரும். 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவின் பாடல்களில் பல இடங்களில் பேஸ் கிட்டார், பாடகர் பாடுகிற மெட்டுக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். அவருக்கு நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானின் இசையில் நாம் கேட்கிற பேஸ் பலவும் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் வாசித்தது. நூறு தடவை கேட்ட பாட்டு, ஆனால் வாசித்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் இதே கதைதான். மோட்டவுன் நிறுவனத்தின் எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், 1971-ல் மார்வின் கே வெளியிட்ட ஆல்பத்தில்தான் முதன்முதலாக அட்டையில் வந்தது.

மாமா இதையெல்லாம் படித்துக் கற்கவில்லை. திருவண்ணாமலையில் கேசட் பதிவு செய்து தரும் கடையில் பாட்டுகளைப் பதிந்து வாங்கி வருவார். டேப் ரெக்கார்டரில் 'டிரெபிள்' திருகை முழுசாகக் குறைத்து, 'பேஸ்' திருகை முழுசாக ஏற்றி, கேசட்டைப் பேனாவால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தைக் கேட்பார். ஒரு பாட்டுக்கு ஒரு வாரம்.

நான் போனில் அவர் வாசிப்பதை வீடியோ எடுத்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தால், விரல் அசைகிறது, சத்தம் கொசு மாதிரி கேட்கிறது. போன் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னது. அத்தனை கீழான ஒலியை அதனால் தள்ள முடியாது. மேலே இருக்கிற துணை ஒலிகளை மட்டும் தரும், கீழே இருப்பதை நம் மூளை ஊகித்துக்கொள்ளும். ஆக, போனிலேயே பாட்டு கேட்டு வளர்ந்த நான், இத்தனை வருடங்களாக மாமா செய்த வேலையை ஊகித்து மட்டுமே கேட்டிருக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் பிடித்த பழைய பாட்டு ஒன்றை நல்ல ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு, கீழே மட்டும் கேட்டுப் பாருங்கள்.

டி.வி.எஸ். எக்ஸ்எல்-லில் வந்த பையன்

படம் எடுத்துப் பதினொரு மணிக்கு விளம்பரம் போட்டோம். மூன்று மணிக்கு வாசலில் டி.வி.எஸ். எக்ஸ்எல் சத்தம். அப்பாவும் பையனும். பக்கத்துக் கிராமம். பையன் பாலிடெக்னிக் முதல் வருடம், சர்ச் கொயரில் வாசிக்க ஆசை. அப்பா கட்டட வேலை.

பையன் நேராகப் போய்க் கொல்கத்தா கிட்டார் முன்னால் உட்கார்ந்தான். விலை 2,000 என்று போட்டிருந்தோம், அதுதான் குறைச்சல். அப்பா தரையில் உட்காரவில்லை. "இதக் கத்துக்கிட்டா என்னா சார் வேலை கெடைக்கும்?" என்றார்.

"வேலை எதுவும் கெடைக்காது" என்றார் மாமா. "நான் கரன்ட் கம்பத்துல ஏறித்தான் சாப்பிட்டேன்."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டார்.

மாமா கொல்கத்தா கிட்டாரைப் பையனிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "இது வேணாம்பா. கத்துக்கறவனுக்குத்தான் நல்ல கருவி வேணும். மோசமான கருவியில கத்துக்கினு என் வெரல் போச்சு" என்று யமஹாவை எடுத்து அவன் மடியில் வைத்தார். அதற்கு 12,000 போட்டிருந்தோம். பையன் விலையைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"எவ்ளோ கொண்டாந்தீங்க?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டார். "அஞ்சு சார்."

"சரி, குடுங்க."

சமையலறை வாசலில் நின்ற அத்தை மாமாவை ஒரு பார்வை பார்த்தார். ஏழாயிரம் ரூபாய் பார்வை. அப்புறம் உள்ளே போய் நான்கு டம்ளர் காபியோடு வந்தார். அடுத்த ஒரு மணி நேரம் மாமா பையனுக்குத் தந்தி மாற்றுவது எப்படி, கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அலன் சாவியால் எப்போது கால் சுற்று திருப்புவது என்று காட்டிக்கொண்டிருந்தார். நான்கு தந்தியும் சேர்ந்து கழுத்தை எழுபது எண்பது கிலோ எடை அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் மரம் அசையும். பார்த்துக்கொள்ள வேண்டும். "சித்திரை வெயில்ல வண்டியில கட்டிக்கினு போகாத" என்று மூன்று தடவை சொன்னார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "நீங்க எதை எடுத்துட்டுப் போறீங்க மாமா?"

கொல்கத்தா என்பார் என்று நினைத்திருந்தேன். முப்பது கச்சேரி உழைப்பு அது. மாமா பொம்மையை எடுத்தார். மற்றவற்றுக்குத் தந்தியின் நீளம் 34 அங்குலம். அதற்கு 30. எடையும் குறைவு. "வெரலு இதுலதான் எட்டுது. ஞாபகத்துக்குன்னா போட்டோ இருக்கு. எனக்கு வாசிக்கணும்" என்றார்.

நீங்களும் போகலாம்

பேஸ் கிட்டார் பார்க்க இல்லை, ஊர் பார்க்க. சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். காலையில் செஞ்சிக் கோட்டை, மாலையில் அண்ணாமலையார் கோயில் என்று திட்டம் போடுகிறவர்கள், நடுவில் கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஒரு டீயும் வறுத்த மல்லாட்டையும் சாப்பிடலாம். 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற பௌர்ணமியும், மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் நடக்கிற அமாவாசையும் இந்தச் சாலையில் கூட்டம் நெரிகிற நாள்கள். ஆடியில் போனால் ஏதாவது ஒரு கிராமத்தில் பம்பை உடுக்கைச் சத்தம் நிச்சயம். பம்பையில் இரண்டு முழவுகள் சேர்த்துக் கட்டியிருக்கும். இனி அதைக் கேட்கும்போது, கீழே போகும் சத்தத்துக்கும் கொஞ்சம் காது கொடுங்கள்.

'அந்தக் கருப்பு' செவ்வாய்க்கிழமையே புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் போய்விட்டது. மாமா கெடுத்த கிட்டாருக்கு இன்னும் ஆள் வரவில்லை.

கொல்கத்தா? "ரெண்டாயிரத்துக்கும் போகாது. நீ எடுத்துக்கினு போ. வாசிக்கலன்னாலும் செவுத்துல மாட்டு" என்று பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். சாயங்கால பஸ்ஸில் சீட் கிடைத்தது. கிட்டாரின் கழுத்து நடைபாதை வரை நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா அது, வீணையா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, பேஸ் கிட்டார்."

"ஓ, கிட்டாரா? ஏதாவது பாட்டு வாசிக்கலாம்ல?"

"இதுல பாட்டு வராதுண்ணே. பாட்டுக்குக் கீழ வரும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லக்கேஜுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.